ஓராண்டு ஒப்பந்தம்

பேராக் கால்பந்து அணி 2025இல் மலேசிய சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. 1926 முதல் 2018 வரை எட்டு முறை மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணி அது. 2002இலும் 2003இலும் அடுத்தடுத்து லீக் பட்டம் வென்றது. செலாடாங் என்று காட்டெருமையின் பெயரைச் சூட்டிக்கொண்ட அந்த அணியை எந்த எதிரணியும் சாய்க்கவில்லை; கணக்குப் புத்தகம் சாய்த்தது. ஈப்போவில் பெரியவர்கள் மனம் கசந்து பேசினார்கள். பேசியவர்கள் எல்லாரும் கிண்ணங்களை எண்ணினார்கள். 1998 இறுதியாட்டத்தில் திரங்கானுவைப் பினால்டியில் வென்றதையும், இருபது ஆண்டு கழித்து அதே திரங்கானுவை அதே பினால்டியில் மறுபடி வென்றதையும் நினைவுகூர்ந்தார்கள். ஆட்டக்காரர் பட்டியலில் கடைசி ஐந்து பெயர்களில் ஒருவனாக இருந்தவன் அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வான் என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை என்பதற்காக அவனும் வருத்தப்பட்டிருக்க மாட்டான். அவனுக்கு இது பழக்கம்.

எல்லா அணியிலும் அப்படி நாலைந்து பேர் இருப்பார்கள். ஓராண்டு கெடா, அடுத்த ஆண்டு நெகிரி செம்பிலான், பிறகு பாதிப் பருவம் சரவாக், அதன்பின் இரண்டாம் பிரிவில் ஏதோ ஒரு பெயர் தெரியாத கிளப். பயிற்றுநர் மாறினால் பெட்டி கட்ட வேண்டும். மாநிலத்தில் ஆட்சி மாறினாலும் சில சமயம் கட்ட வேண்டும். கோல் போட்டவனின் படம் மறுநாள் தாளில் வரும். பக்கக்கோட்டை ஒட்டி எழுபது நிமிடம் மேலும் கீழும் ஓடி எதிரணிக் காவலர் இருவரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போனவன், எழுபத்தொன்றாவது நிமிடத்தில் மாற்றுப் பலகையில் சிவப்பு எண்ணாகத் தெரிவான். அவ்வளவுதான். இப்படி ஊர் ஊராகப் போனவர்களில் பேர் வாங்கியவர்களும் உண்டு. இந்திரா புத்ரா மகாயுடின் பகாங், சிலாங்கூர், கிளந்தான், கோலாலம்பூர் என்று ஆடி நாற்பது வயதை நெருங்கும்வரை திடலில் நின்றார். ஆனால் அவர் கோல் போடுகிறவர். போகிற இடமெல்லாம் அவருக்கு முன்னால் அவருடைய கோல் கணக்கு போய்ச் சேர்ந்திருக்கும். நான் சொல்கிறவர்களுக்கு முன்னால் போய்ச் சேர எதுவும் கிடையாது.

பாகான் டத்தோ பக்கத்தில் இப்படிப்பட்டவர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். பேராக் ஆறு கடலோடு சேரும் இடம் இது. கடலை ஒட்டித் தென்னை, உள்ளே வர வரச் செம்பனை. தெற்கே பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். நெடுங்காலம் ஹிலிர் பேராக்கின் வாலாக இருந்துவிட்டு 2017இல்தான் தனி மாவட்டமானது. இன்று துணைப் பிரதமரின் தொகுதி என்பதால் அறிவிப்புப் பலகைகளுக்குக் குறைவில்லை. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஜெண்டராத்தா தோட்டம் இருக்கிறது. 1906இல் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டேனிஷ்காரர் ரப்பர் கம்பெனியாகத் தொடங்கியது. பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆகி, செம்பனைக்கும் தென்னைக்கும் பேர்போனது. இதைச் சுற்றி இன்னும் பல தோட்டங்கள் இருந்தன. பல இன்று பெயராக மட்டும் மிச்சம்.

தோட்டம் என்றால் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, திடல். நான்கும் துரை அனுமதித்த அளவுக்கு. இவற்றில் திடல்தான் நிர்வாகத்துக்கு மலிவு. இரண்டு பக்கமும் கம்பம், கோடு போடச் சுண்ணாம்பு, ஆண்டுக்கு இரண்டு பந்து. பொழுது சாயப் பந்து உதைக்கிறவன் கள்ளுக்கடையில் குறைவாக உட்காருவான், சங்கக் கூட்டத்திலும் குறைவாக உட்காருவான் என்று ஒரு கணக்கு இருந்திருக்கலாம். எந்தக் கணக்கில் போட்டிருந்தாலும் திடல் திடல்தான். தீபாவளிக் கிண்ணம், எழுவர் ஆட்டம், டிவிஷனுக்கு டிவிஷன் மோதல் என்று அந்தப் புல்லில் ஓடிப் பழகியவர்களின் கால்கள் தெலுக் இந்தான் வரைக்கும், சிலருடையவை ஈப்போ ஸ்டேடியம் வரைக்கும் போயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நம்மவர்கள் பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அங்கே திடல் இல்லை, கார் நிறுத்துமிடம் இருந்தது. அதிலும் பந்து உதைத்தார்கள்.

பழைய தலைமுறையின் கதை வேறு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3–0 என்று வென்ற மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார், வி. கிருஷ்ணசாமி இருந்தார். 1980 ஏப்ரலில் தென் கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் மாஸ்கோவைப் பார்க்கவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். இந்தப் பெயர்களை எங்கள் அப்பாக்கள் சாமி பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: யார் யாருக்கு எங்கே வேலை என்று. அந்தக் காலத்தில் ஆட்டம் சம்பளம் தராது. ஆட்டக்காரனுக்கு வேலை தரும். மின்சார வாரியத்தில் ஒருவர், போலீஸில் ஒருவர், வங்கியில் ஒருவர். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போவார்கள். முப்பது வயதில் கால் தளர்ந்தால் அதே ஆபீஸில் அதே நாற்காலி காத்திருக்கும். ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கோல் என்ன இருக்க முடியும்? ஆட்டம் என்பது கவர்மெண்டு வேலைக்குப் போகும் குறுக்கு வழி என்றே பல அப்பாக்கள் நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது தப்பும் இல்லை.

1989இல் லீக் அரைத் தொழில்முறை ஆனது. 1994இல் முழுத் தொழில்முறை. சம்பளம் வந்தது, ஒப்பந்தம் வந்தது, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். நாற்காலி போனது. முழுநேர ஆட்டக்காரன் ஆபீஸுக்கு எப்படிப் போவான்? அந்த முதல் ஆண்டிலேயே ஆட்டத்தை விற்ற விவகாரமும் வெடித்தது. ஏறக்குறைய 126 பேரை விசாரித்தார்கள். 58 ஆட்டக்காரர்களை இடைநீக்கம் செய்தார்கள். ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேரை வெளியே அனுப்பினார்கள். அவசரகாலச் சட்டத்தின்கீழ் சிலரை, நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்காமலேயே, தொலைதூர மாவட்டங்களில் கட்டாயமாகக் குடியமர்த்தினார்கள். ஆண்டுக்கு ஒரு மாநிலம் என்று மாறிக்கொண்டிருந்த தொழிலில், ஓரிடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதே தண்டனையாக வந்தது. தப்பு செய்தவர்கள் இருந்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் பணம் கொடுத்தவர்களைவிட வாங்கியவர்களின் பெயர்தான் ஊருக்கு அதிகம் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். பெயர் வேண்டாம். வலது பக்கம் ஓடுகிறவன். பள்ளியில் நூறு மீட்டர் ஓடியவனைப் பந்துக்கு இழுத்துக்கொண்டார்கள். இந்தியப் பையன் என்றால் பக்கக்கோட்டில் நிறுத்து, அவன் ஓடுவான் என்பது நம் பயிற்றுநர்களின் நெடுநாள் நம்பிக்கை. நடுத்திடலில் நின்று யோசிக்கிற வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவன் ஓடினான். இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான், தோட்டத்திலிருந்து ஆலைக்கு. லோரியிலிருந்து இறங்கும்போது வலது காலைத்தான் முதலில் தரையில் வைப்பான். இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பான். அந்த இடது முழங்காலில் பொட்டு அளவுக்கு இரண்டு வடு, அதற்குக் கீழே உள்பக்கம் விரல் நீளத்துக்கு ஒன்று. ஏசிஎல் என்ற மூட்டு நார் அறுந்தது. தொடையின் பின்னாலிருந்து தசைநாரை எடுத்து உள்ளே கட்டினார்களாம். சுளுக்கெடுத்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சாதாரணமாகக் காட்டினான்.

ஊத்தான் மெலிந்தாங்கில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது தன் சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியில் திறந்து காட்டினான். அவனுடைய வரலாற்றை அதைவிட ஒழுங்காக எந்த விளையாட்டு நிருபரும் எழுதியிருக்க மாட்டார். மாதா மாதம் முதலாளியின் பெயரோடு வரி வரியாகப் பணம் ஏறியிருக்கிறது. ஒரு மாநிலச் சங்கத்தின் பெயர் வரிசையாக எட்டு வரி வரும், பிறகு வெறுமை. இன்னொரு மாநிலம் வரும், ஐந்து வரி, மறுபடி வெறுமை. ஒரு வரிசை முடிந்து அடுத்தது தொடங்கும்வரை எதுவும் இல்லாத அந்த இடைவெளிகளில்தான் அவன் அறுவை செய்துகொண்டான், கல்யாணம் செய்துகொண்டான், மோட்டார் சைக்கிளை விற்றான். எந்த ஆண்டு எங்கே ஆடினான் என்பதை அவன் மறந்தால்கூட அதிலிருந்து சொல்லிவிடலாம்; அணியின் சம்பளம் எந்த மாதத்தில் நின்றது என்பதையும் சொல்லிவிடலாம். கடைசியில் ஆலைக்காரர் பெயர் வருகிறது. அதற்கப்புறம் ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

சம்பள பாக்கி இவனுக்கு மட்டும் வந்த வியாதி என்று சொல்ல முடியாது. உலகத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 பேரிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 41 விழுக்காட்டினருக்கு முந்தைய இரண்டு பருவங்களில் சம்பளம் தாமதமாகி இருந்தது. 45 விழுக்காட்டினர் மாதம் 1,000 டாலருக்கும் கீழே வாங்கினார்கள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கோடிகள் எல்லாம் ஒரு மெல்லிய மேல்தட்டின் கோடிகள். மெஸ்ஸியும் இவனும் ஒரே தொழில் என்று குடிநுழைவுப் படிவத்தில் எழுதிக்கொள்ளலாம், அந்த மட்டும் சமம்.

இதைப் பற்றி நினைக்கும்போது எனக்கு நம் கால்பந்தைவிட அமெரிக்கக் கால்பந்துதான் தெளிவாகத் தெரிகிறது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. அதில் ரன்னிங் பேக் என்று ஓர் இடம் உண்டு. பந்து கைக்கு வந்ததும் எதிரே நிற்கும் மனிதச் சுவருக்குள் புகுந்து ஓட வேண்டும்; நூற்றைம்பது கிலோ ஆள்கள் அவனைக் கீழே தள்ளுவார்கள்; எழுந்து மறுபடி ஓட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு இருபது முறை. அந்த இடத்தில் ஆடுகிறவனின் சராசரி ஆட்ட ஆயுள் மூன்று பருவத்துக்கும் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கில் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற எத்தனை பருவம் ஆட வேண்டும் தெரியுமா? மூன்று. யாரும் திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. எண்கள் அப்படி அமைந்துவிட்டன.

அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் தேர்வில் புதிதாக வருகிறவனுக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு, முதல் சுற்றில் எடுத்திருந்தால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டுக்கும் நீட்டலாம். பெரிய பணம் கேட்கும் தகுதி அதன்பிறகுதான் வரும். அதற்குள் கால் தேய்ந்திருக்கும். உடனே வேறொரு இருபத்தொரு வயதுக்காரனை மலிவாக எடுத்துவிடலாம். 2023 ஜூலையில் அந்த லீக்கின் முன்னணி ரன்னிங் பேக்குகள் இணையவழி கூடி, எங்கள் இடத்துக்கு மட்டும் விலை விழுந்துகொண்டே போகிறதே என்று பேசினார்கள். பேசி முடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். வேறென்ன செய்ய முடியும்? நன்றாக ஓடினால் சீக்கிரம் தேய்வான், ஓடாமல் உட்கார்ந்தால் சீக்கிரம் மறப்பார்கள். விதிவிலக்காக ஃபிராங்க் கோர் என்பவர் 2005 முதல் 2020 வரை பதினாறு பருவம், ஐந்து அணிகளில், 16,000 கெஜம் ஓடினார். அவரும் ஒரு சூப்பர் பௌல் பட்டம் இல்லாமல்தான் ஓய்ந்தார். தலையில் வாங்கிய அடிகளுக்காக முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2013இல் 76.5 கோடி டாலருக்கு லீக் உடன்பட்டது. பிறகு அந்த உச்சவரம்பும் எடுக்கப்பட்டது. அங்கே உடம்புக்கு விலை பேசுகிறார்கள், வெளிப்படையாகப் பேசுகிறார்கள், எழுதி வைக்கிறார்கள். கொடுமைதான். ஆனால் கணக்கு உள்ள கொடுமை.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். ரொட்டியைக் கிழித்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே கேட்டான்.

"அங்க சம்பளம் மாசா மாசம் போட்டுருவாங்களா அண்ணே?"

"சீசன்ல வாரா வாரம் தம்பி."

அதற்கு மேல் அவன் அமெரிக்காவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நம் நாட்டில் ஜெயித்தவர்களுக்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4–2 என்று வென்று தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்தது. எஸ். குணாளனும் கே. குருசாமியும் அந்த அணியில் இருந்தார்கள். அந்த வாரம் நாட்டில் எல்லாரும் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். 2013 முடிவில் ராஜகோபாலின் பதவி போனது. அடுத்து அவர் சரவாக் அணிக்குப் போனார். கிண்ணம் வாங்கித் தந்த பயிற்றுநருக்கே பெட்டி தயாராக இருக்க வேண்டிய தொழில் இது.

நம் சமூகத்துக்கென்று ஓர் அணி இருந்தால் நிலைமை மாறும் என்று நம்பியவர்கள் உண்டு. நானும் ஓரளவு நம்பினேன். மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி 2017இல் இரண்டாம் பிரிவான மலேசியப் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்குக்கு ஏறியது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரரே இல்லாமல், உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆடியது. அதிலும் கேவலப்படாமல் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது, இனி அடித்தளப் பயிற்சியில் கவனம் செலுத்துவோம் என்ற அறிவிப்போடு. அடித்தளம் நல்ல சொல். பத்து வயதுப் பையனுக்குப் பூட்ஸ் வாங்கித் தருவது புண்ணியம்தான், செலவும் குறைவு. அவனுக்கு இருபது வயதாகும்போது எங்கே ஆடுவான் என்ற கேள்வி பத்து ஆண்டு கழித்துத்தானே வரும். அப்போது வேறு தலைவர் இருப்பார்.

பிள்ளையைப் பந்தாட அனுப்பலாமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. அனுப்பாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் திடலில் நானும் ஓடியிருக்கிறேன். மாலை வெயிலில் பந்து காலில் ஒட்டிக்கொள்ளும்போது கிடைக்கும் சுகத்தை ஒப்பந்தத்தில் யாரும் எழுத முடியாது. அதனால்தான் அந்த ஒப்பந்தங்கள் அத்தனை மோசமாக இருக்கின்றனவோ என்றும் சில சமயம் நினைப்பேன். எப்படியும் ஆட வருவான் என்று தெரிந்தவனுக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? தோட்டத்துத் துரைமாருக்கும் இது தெரிந்திருந்தது. கோயில் இருக்கும் இடத்தைவிட்டு ஆள்கள் சீக்கிரம் போகமாட்டார்கள் என்று அவர்கள் கோயிலுக்கு நிலம் கொடுத்தார்கள்.

தம்பியும் வழக்குப் போட்டவன்தான். எந்த மாநிலம் என்பது இங்கே வேண்டாம். ஏழு மாதச் சம்பளம் நின்றுபோய், சேமநிதியும் கட்டாமல், அடுத்த ஆண்டுக்கு நீ தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. காகிதங்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு புகார் கொடுத்தான்.

"கேஸ் போட்டியே தம்பி, என்னாச்சு?"

"ஜெயிச்சிட்டேன் அண்ணே."

"அப்ப காசு?"

"அது வேற கேஸ்."

தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டார்களாம். இரண்டு தவணை வந்தது. அதற்குள் அணிகளைத் தனியார்மயமாக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. மாநிலச் சங்கத்தின் அணி கம்பெனியின் அணியாக மாறியது. ஜெர்சி, கொடி, ரசிகர் மன்றம், 1970களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் புதுக் கம்பெனிக்குப் போயின. கடன் பழைய சங்கத்திடமே நின்றுவிட்டது. பழைய சங்கத்தின் ஆபீஸுக்குப் போனால், அதெல்லாம் இப்போது கம்பெனி பார்க்கிறது என்கிறார்கள். கம்பெனிக்குப் போனால், நீங்கள் எங்களுக்கு ஆடியதில்லையே என்கிறார்கள். அவனுக்குச் சாதகமான தீர்ப்பு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது. அதில் உள்ள முத்திரை நல்ல அழுத்தமாக விழுந்திருக்கிறது.

போன மாதம் அதே மாநிலத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. முன்னாள் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்க ஒரு காட்சி ஆட்டம், பொன்னாடை, இரவு விருந்து. பாக்கியை வைத்துக்கொண்டு கௌரவம் செய்ய வருகிறார்களே, நீ போகப் போகிறாயா என்று கேட்டேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான்.

"அரை மணி நேரம்தான் அண்ணே, ஓடிருவேன். எண்ணெய்க் காசு தர்றோம்னு சொன்னாங்க. முன்னாலேயே போட்டு விடுங்கன்னு அக்கவுண்ட் நம்பர் அனுப்பிட்டேன்."